அதிர்வடக்கும் குழல்

வில்வண்டியில் வழி சென்றவர் அதன் அருமையை அறிவர். கட்டை வண்டியில் அச்சும் மேல்தட்டும் நேரே பிணைந்து கிடத்தலின், பாதையிலுள்ள ஒவ்வொரு கல்லும் அமர்ந்திருப்போரின் முதுகெலும்பைத் தேடி வந்து தாக்கும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கடுக்காய் அமைந்து அத்தாக்கினைத் தாமே ஏற்கின்றன. சக்கரம் கல்லின்மேல் ஏறும்போது பட்டை வளைகின்றது, இறங்கும்போது நிமிர்கின்றது, உள்ளிருக்கும் மூதாட்டியின் வெற்றிலைப்பெட்டி வைத்த இடத்திலேயே இருக்கின்றது.

மோட்டார் வண்டி தோன்றியபொழுது அதனைச் செய்தோர் குதிரை வண்டியின் வில்லையே எடுத்துக் கையாண்டனர். ஆனால் வில்லுக்கு ஒரு குறையுண்டு. அது தான் பெற்றதை முழுவதும் திருப்பிக் கொடுப்பது. அழுத்திய வில் விடுபட்டவுடன் நிமிர்ந்து, தன் பழைய நிலையில் நில்லாது மேலெழுந்து, மீண்டும் தாழ்ந்து, மீண்டும் எழும். மெல்லச் செல்லும் மாட்டு வண்டியில் இக்குறை வெளிப்படுவதில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்தலால் ஆட்டம் விரைவில் ஓய்ந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் காருக்கு அவ்வுராய்வு போதாது. சுருள்வில்லாயின் உராய்வதற்குப் பட்டைகளும் இல்லை.

சிறு காரின் உடற்பகுதி நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை மேலும் கீழும் ஆடும் இயல்பினது. சக்கரமோ நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை துள்ளும் இயல்பினது. துள்ளும் சக்கரம் நிலத்தை மெலிதாகத் தொடுகின்றது. சில கணங்களில் தொடாமலே விடுகின்றது. பிரேக்கு சக்கரத்தைப் பற்றும். நிலத்தைப் பற்றுவது டயர். டயர் நிலத்தில் ஊன்றாத கணத்தில் பிரேக்கும் பயன்படாது. திசை திருப்பும் சக்கரமும் பயன்படாது. மழை நாளில் வளைவொன்றில் அக்கணம் நேருமாயின் விளைவு யாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாட்டத்தை அடக்குதற்கு அமைந்த கருவியைப் பட்டறைகளில் ‘ஷாக் அப்சார்பர்’ என்பர். அதிர்ச்சியை உறிஞ்சுவது என்பது அதன் பொருள். பெயர்கள் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்று மாணவர் இலக்கணத்திற் கற்றிருப்பர். இது காரணப்பெயரே, ஆயின் காரணம் பிறழ்ந்தது. அதிர்ச்சியை ஏற்பது வில். இக்கருவி ஏற்ற வில்லின் ஆட்டத்தை அடக்குவது. பிரிட்டானியப் பொறியாளர் இதனை ‘டாம்பர்’ என வழங்குவது பொருத்தமுடையது. தணிப்பது என்பதே அச்சொல்லின் கருத்து. ஆதலின் இப்பாடத்தில் அதிர்வடக்கி என்னும் பெயர் ஆளப்படுகின்றது. பிழை பெயரளவில் நின்றிருப்பின் கேடில்லை. இக்கருவியைப் பற்றிப் பரவியுள்ள தவறான எண்ணங்கள் பலவற்றுக்கு அப்பெயரே தாயாக அமைந்துவிட்டது.

அதிர்வடக்கியின் உள்ளமைப்பு எளிது. எண்ணெய் நிறைந்த குழல் ஒன்றினுள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் செல்கின்றது. பிஸ்டனில் நுண்ணிய துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் வால்வுகளும் உள்ளன. பிஸ்டன் நகர வேண்டுமாயின் எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருங்கிப் புகுந்து செல்லுதல் வேண்டும். மெல்ல நகர்த்தினால் எதிர்ப்புச் சிறிது. விரைந்து நகர்த்தினால் எதிர்ப்புப் பெரிது. கிணற்றுநீரில் கையை மெல்ல அளைவதற்கும் ஓங்கி வீசுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. வில்லில் தங்கிய ஆற்றல் இவ்வாறு எண்ணெயில் வெப்பமாக மாறிக் குழலின் வழியே காற்றிற் கலந்துவிடுகின்றது. நெடுந்தொலைவு கரடுமுரடான பாதையில் ஓடி நின்ற காரின் அதிர்வடக்கியைத் தொட்டால் சூடு தெரியும்.

அசையாது நிற்கும் காரில் அதிர்வடக்கி எச்சுமையையும் தாங்குவதில்லை என்பதை ஈண்டு ஊன்றி உணர்தல் வேண்டும். சுமை முழுவதையும் தாங்குவது வில்லே. வில் தளர்ந்து தாழ்ந்த காரினை நிமிர்த்துவதற்குப் புதிய அதிர்வடக்கி வாங்கிப் பூட்டுவோர் பணத்தை வீணாக்குகின்றனர்.

பழைய சிறு கார் ஒன்றில் தேய்ந்த அதிர்வடக்கியை நீக்கி, கடுமையைக் கூட்டவும் குறைக்கவும் தக்க புதியதைப் பொருத்தும் முறையை இனி ஒரு சான்றின் வாயிலாக அறியலாம். சான்றாகக் கொள்ளத்தக்கது ஃபோர்டு எஸ்கார்ட் என்னும் பிரிட்டானியக் கார். லிவர்ப்பூல் நகருக்கு அண்மையிலுள்ள ஹேல்வுட் ஆலையில் உருவாகி, 1968 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மக்கள்முன் வந்தது. முதல் வடிவம் 1974 முடிய நிலவிற்று. ஏறத்தாழ 750 முதல் 800 கிலோகிராம் எடையுள்ள எளிய கார். எனினும் 1970 ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கி மெக்சிகோ நகரில் முடிந்த, ஏறக்குறைய 25,000 கிலோமீட்டர் நெடும்பந்தயத்தில், ஹன்னு மிக்கோலா, குன்னார் பாம் என்னும் இருவர் ஓட்டிய எஸ்கார்ட்டே முதலாவதாக வந்தது. அப்பந்தயத்துக்கென வலுவூட்டிய கார் அது என்பது உண்மை. ஆயினும் அமைப்பின் அடிப்படை கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கச் சென்ற எஸ்கார்ட்டின் அடிப்படையே.

அக்காரின் பின்புறம் வில்வண்டியின் உறவினது. முழு அச்சு ஒன்று பட்டைவில்லின்மேல் அமைந்திருக்க, அதிர்வடக்கிகள் தனியே சாய்ந்து நிற்கும். அவற்றை இரு போல்ட்டுகளைக் கழற்றி மாற்றிவிடலாம். முன்புறத்தின் கதை வேறு. அங்கே இருப்பது மக்ஃபர்சன் தூண்.

எர்ல் மக்ஃபர்சன் 1891 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ஆயிரம் டாலருக்குள் விற்கத்தக்க சிறு காரொன்றை வகுக்கும் பணி ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உறுப்புகள் குறையக் குறைய விலையும் குறையுமன்றோ? சக்கரத்தை நிறுத்துதற்கு மேலும் கீழுமாக இரண்டு கரங்கள், நடுவே வில், புறத்தே அதிர்வடக்கி என்று பலவாக இருந்தவற்றை அவர் ஆராய்ந்தார். அதிர்வடக்கியின் குழலையே தடிக்கச் செய்து தூணாக நிறுத்தி, அதனைச் சுற்றிச் சுருள்வில்லை ஏற்றி, மேற்கரத்தை அறவே நீக்கிவிட்டார். 1947 இல் அச்சிறு கார்த் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வாண்டே மக்ஃபர்சன் ஃபோர்டு நிறுவனத்தைச் சார்ந்தார். 1950 இல் இலண்டன் கண்காட்சிக்கு வந்த ஃபோர்டு கான்சல், செஃபீர் ஆகிய கார்களின் முன்புறத்தில் அத்தூண் இடம்பெற்றது. 1953 இல் வந்த சிறிய ஆங்கிலியாவும், 1959 இல் அதன் இடத்தைப் பெற்ற புதிய ஆங்கிலியாவும், அதன் வழித்தோன்றலாகிய எஸ்கார்ட்டும் அதனையே கொண்டன. இன்று உலகில் ஓடும் சிறு கார்களுட் பெரும்பாலானவற்றின் முன்சக்கரங்கள் இத்தூணைக் கொண்டே நிற்கின்றன. தாம் வகுத்த சிறு கார் விற்பனைக்கு வாராமலே போக, அதற்கென எண்ணிய தூண் எல்லாச் சிறு கார்களிலும் புகுந்தது.

எஸ்கார்ட்டின் தூணில் குழலும், அதன் அடியில் சக்கரம் சுழலும் அச்சுமுனையும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாகப் பிணைந்தவை. பிரேக்கின் கவ்வியும் அதன்மேலேயே ஏறி நிற்கும். ஆகவே அதிர்வடக்கி தேய்ந்தது என்று தூணை எறிந்துவிட இயலாது. எறிவதற்குத் தேவையும் இல்லை. தேய்வது உள்ளேயுள்ள பிஸ்டனும் வால்வும் எண்ணெய்க் காப்பு வளையமுமே. வெளிக்குழல் ஐம்பது ஆண்டு கடந்தும் உறுதியுடன் இருத்தல் கூடும். குழலின் வாயிலுள்ள பெரிய நட்டைத் திறந்து, உள்ளுறுப்புகளை வாங்கிவிட்டு, எண்ணெயும் பிஸ்டனும் வால்வும் தன்னகத்தே அடங்கி மூடப்பட்ட ஒரு மெலிந்த குழலை அவ்விடத்திற் செருகிவிட்டால் தூண் புதியதாகும். இதுவே உட்செருகி. வாளுறையை வைத்துக்கொண்டு வாளை மட்டும் மாற்றுவது போல்வது.

மாற்ற வேண்டும் என்பதை அறிவது எவ்வாறு? காரின் முன்மூலை ஒன்றைக் கையால் அழுத்தி விட்டுவிடுதல் பழைய முறை. நல்ல அதிர்வடக்கியாயின் கார் எழுந்து அமைதியுறும். கெட்டதாயின் தொட்டில் போல இருமுறை மும்முறை ஆடும். ஆயினும் இச்சோதனை முற்றும் கெட்டதையே காட்டிக் கொடுக்கும். பாதி கெட்டது இதில் தேறிவிடும். கூரிய சான்றுகள் வேறு உள்ளன. பிஸ்டன் தண்டின் அடியிலும் குழலின் மேலும் எண்ணெய்க் கசிவு படிந்து, அதன்மேற் புழுதி ஒட்டியிருத்தல் ஒன்று. டயரின் விளிம்பு ஒரே சீராகத் தேயாது இடையிடையே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருத்தல் மற்றொன்று. அது சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியதற்கு நிலம் எழுதிய சாட்சி.

இதில் உரிமையாளரின் பொறுப்புப் பெரிது. இங்கிலாந்தில் கார்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை உண்டு. 2018 ஆம் ஆண்டு மே மாதம் முதல், நாற்பது ஆண்டுக்கு மேற்பட்டனவும் பெரிய மாற்றம் செய்யப்படாதனவுமான கார்களுக்கு அச்சோதனை கட்டாயமன்று என்றாயிற்று. ஆகவே பழைய எஸ்கார்ட்டின் அடியிற் புகுந்து கசிவைக் காண வேண்டிய கண் இப்பொழுது உரிமையாளரின் கண்ணே. வீதியிற் குறுக்கிடும் சிறுவனுக்கு வருகின்ற கார் பழையதா புதியதா என்பது தெரியாது.

சரிப்படுத்தத்தக்க அதிர்வடக்கிகளாற் பெயர் பெற்ற நிறுவனங்களுள் ஒன்று நெதர்லாந்து நாட்டிலுள்ள கோனி. 1857 இல் குதிரை வண்டிகளுக்கான உறுப்புகளைச் செய்வதற்கென அது தோன்றிற்று. 1932 இல் அதிர்வடக்கி செய்யத் தொடங்கிற்று. இத்தகைய உட்செருகிகளுட் பலவற்றில் கூட்டவும் குறைக்கவும் இயலுவது வில் விரியும்போது எழும் எதிர்ப்பே. ஒடுங்கும்போது எழும் எதிர்ப்பு மாறாது. இதற்குத் தக்க காரணம் உண்டு. வில் ஒடுங்கும்போது அதனை எதிர்ப்பது வில்லே. விரியும்போது வில்லின் ஆற்றல் முழுவதும் கட்டின்றி வெளிப்படும். அடக்க வேண்டுவது அப்பொழுதுதான். ஒடுங்கும்போதும் கடுமையாக எதிர்த்தால் கல்லின் தாக்கு அதிர்வடக்கியின் வழியே நேரே கூண்டுக்கு ஏறும். வில்வண்டி கட்டை வண்டியாகிவிடும்.

இனிப் பொருத்தும் வேலை. முன்னிரு தூண்களையும் ஒருசேர மாற்றுதல் வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக விடுதல், ஒரு காளையை மட்டும் மாற்றி வண்டியிற் பூட்டுவதனோடு ஒக்கும்.

கார் சமதரையில் நிற்க, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட்டு, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்துதல் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. அதனை நம்பிக் காரின் அடியிற் புகுந்து உயிரிழந்தோர் உண்டு. சக்கரத்தைக் கழற்றிய பின், பிரேக்குக் கவ்வியை எடுத்து, அதன் மெல்லிய குழாய் இழுபடாதவாறு கம்பியொன்றால் மேலே கட்டித் தொங்கவிடுவர். திசை திருப்பும் கோலின் முனையிலும் கீழ்க்கரத்தின் முனையிலும் உள்ள உருண்டை மூட்டுகள் கூம்பிய துளைகளில் இறுகப் பதிந்திருக்கும். அவற்றின் நட்டு தளராதிருக்கக் குறுக்கே பிளவாணி செருகியிருப்பர். பிளவாணியை ஒருமுறை எடுத்தால் அதன் வாழ்வு முடிந்தது. திரும்பப் பூட்டும்போது புதியதே வேண்டும். காசுக்கும் குறைந்த பொருளாயினும் காரின் திசையைக் காப்பது அது. பின்னர் முன்மூடியைத் திறந்து, தூணின் தலையைக் காரின் உடலோடு பிணைக்கும் மூன்று போல்ட்டுகளைக் கழற்றத் தூண் முழுவதும் கையில் வந்துவிடும். அதனை ஒருவர் கீழிருந்து தாங்கிப் பிடித்தல் நலம், அது கனமுடையது.

இனி வருவதே வேலையிற் பேரிடர் நிறைந்த பகுதி. தூணின் தலையில் நடுநட்டு ஒன்றுளது. அதுவே ஒடுங்கிய சுருள்வில்லை விரியவிடாது சிறை வைத்திருப்பது. காரில் ஒவ்வொரு முன்வில்லும் இருநூறு கிலோகிராம் அளவிலான சுமையைத் தாங்கி நின்றது என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தூணைக் கழற்றிவிட்டமையால் வில் ஓய்ந்துவிட்டது என்று எண்ணி அந்நட்டைத் திருகுபவரின் முகத்தை நோக்கித் தூணின் தலை பாயும். ஆதலின் வில்லை ஒடுக்கும் கவ்விகள் இரண்டினை எதிரெதிரே பூட்டி, ஒன்றைச் சிறிது, மற்றொன்றைச் சிறிது என மாறிமாறித் திருகி, வில் தன் இருக்கையில் தளர்ந்து அசையும் வரை ஒடுக்குதல் வேண்டும். அதன் பின்னரே நடுநட்டைத் தொடலாம். கவ்விகள் நல்லனவாக இருத்தல் வேண்டும். மரை தேய்ந்த கவ்வியை இரவல் வாங்குதல் தகாது. இப்பகுதியைத் தாமே செய்ய அஞ்சுவோர் தூணைப் பட்டறைக்கு எடுத்துச்சென்று இவ்வளவை மட்டும் செய்வித்துக் கொள்வர். அவ்வச்சம் அறிவுடைமையே.

வில் நீங்கியதும் குழலின் வாய் தெரியும். ஆண்டு பல துருவேறிய வாய்நட்டு எளிதில் இணங்காது. முதல்நாளே துருநீக்கும் எண்ணெய் தடவி வைத்து, உரிய பிடியால் திருகுதல் வேண்டும். குழலை நசுங்கும்படி இடுக்கியிற் பிடித்தலாகாது. நசுங்கிய குழலினுள் உட்செருகி இறங்காது. நட்டு நீங்கியபின் பிஸ்டன் தண்டை மெல்ல உயர்த்தினால் உட்குழலும் அடிவால்வும் உடன் வரும். வெடுக்கென இழுத்தால் எண்ணெய் முகத்திலே தெறிக்கும். தொடக்கத்தில் தேன்போற் தெளிந்திருந்த எண்ணெய் இப்பொழுது மை போன்று கறுத்திருப்பதைக் காணலாம். உலோகம் தேய்ந்த நுண்துகள்கள் அதில் மிதக்கும். அதனைச் சாக்கடையிற் கொட்டாது கலத்திற் சேர்த்து, பழைய எண்ணெய் கொள்வோரிடம் சேர்ப்பித்தல் முறை.

துடைத்துத் தூய்மை செய்த குழலினுள் உட்செருகி இறங்குகின்றது. எண்ணெய் மட்டுமே கொண்ட வகையாயின், செருகுமுன் அதனை நிமிர்த்திப் பிடித்துத் தண்டினைச் சிலமுறை முழுவதும் இழுத்து அழுத்துவர். கிடத்தி வைத்திருந்தபோது உட்புகுந்த காற்று அதனால் மேலே சென்றுவிடும். உட்செருகிக்கும் பழைய குழலுக்கும் இடையில் மெல்லிய வெளி ஒன்று இருக்கும். அவ்வெளியிற் சிறிதளவு எண்ணெய் ஊற்றுதல் வழக்கம். காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது; எண்ணெய் கடத்தும். உட்செருகியில் எழும் வெப்பம் அவ்வெண்ணெய் வழியே வெளிக்குழலுக்குச் சென்று ஆறும். விளிம்பு வரை நிரப்புவதோ தவறு. சூடேறிய எண்ணெய் விரிந்து வெளியே வழியும். அதனைக் கண்டோர் புதிய அதிர்வடக்கி கசிகின்றது என்று கடைக்காரரோடு வழக்காடுவர்.

வாய்நட்டை இறுக்கும்போது அது உட்செருகியின் தலையை அழுத்திப் பிடித்தல் வேண்டும். உட்செருகி சிறிது குட்டையாயின், நட்டு குழலின் விளிம்பில் முட்டி நின்றுவிடும். உட்செருகி உள்ளே ஆடும். ஓடும்போது டக்டக்கென ஓசை எழும். இதற்கெனச் செய்தவர் அளிக்கும் வளையத்தை அடியில் இடுதல் வேண்டும். பளபளக்கும் பிஸ்டன் தண்டினைக் குறடு கொண்டு பற்றுதல் பெருந்தவறு. மயிரிழையளவு கீறல் விழுந்தாலும் அது மேலும் கீழும் செல்லுந்தோறும் காப்பு வளையத்தை அறுத்துவிடும். தண்டு சுழலாதிருக்க அதன் முனையிலுள்ள இடத்தைச் சிறு சாவியாற் பிடிப்பதே முறை.

கடுமையை மாற்றும் வழி இருவகையில் அமையும். ஒருவகையில், தண்டை அடி வரை முற்றும் அழுத்தித் திருப்ப, உள்ளேயுள்ள பற்கள் பொருந்தி வால்வின் இறுக்கம் மாறும். இவ்வகையைச் சரிப்படுத்தத் தூணைக் கழற்றியாக வேண்டும். ஆகவே செருகுமுன்னரே அளவைத் துணிதல் வேண்டும். மற்றொருவகையில், தண்டின் உச்சியிலேயே சிறு திருகுமுனை இருக்கும். எஸ்கார்ட்டில் தூணின் தலை முன்மூடியின் கீழ்க் கண்ணெதிரே தெரிவதால், மூடியைத் திறந்து விரலாற் திருப்பிவிடலாம். எப்பக்கம் திருப்பக் கூடும், எப்பக்கம் திருப்பக் குறையும் என்பது செய்தவர் அளிக்கும் தாளில் இருக்கும். அத்தாளை முதலிற் படிப்போர் சிலர்; எல்லாம் முடிந்தபின் தேடுவோர் பலர்.

வில்லையும் தலையையும் பூட்டி, தூணை ஏற்றி, மூட்டுகளை இறுக்கி, சக்கரம் மாட்டி, காரை நிலத்தில் இறக்குவதில் புதுமை இல்லை. கழற்றிய வழியே திரும்பி வருதலே. இரண்டை மட்டும் மறத்தலாகாது. புறப்படுமுன் பிரேக்கு மிதியைப் பலமுறை மிதித்துப் பார்த்தல் ஒன்று. கவ்வியைக் கழற்றியபோது பிரேக்குக் கட்டைகள் விலகியிருப்பின் முதல் மிதி வெறுமையாகச் செல்லும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றற்கொன்று நேராக நோக்குகின்றனவா எனப் பட்டறையில் அளப்பித்தல் மற்றொன்று.

எவ்வளவு கடுமை வேண்டும் என்பதே இறுதி வினா. புதிய கருவியை வாங்கியோரின் கை இயல்பாகவே முழுக் கடுமையை நோக்கிச் செல்கின்றது. கடுமையே உறுதி, உறுதியே பாதுகாப்பு என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பிழையென்பதை ஒரு மோசமான பாதை உடனே மெய்ப்பிக்கும். சக்கரம் ஒரு மேட்டில் ஏறி வில் ஒடுங்குகின்றது. மேடு கடந்ததும் வில் விரிந்து சக்கரத்தைக் கீழே தள்ள வேண்டும். விரிதலை அதிர்வடக்கி மிகுதியாகத் தடுத்தால், சக்கரம் நிலத்தை எட்டுமுன்னரே அடுத்த மேடு வந்துவிடும். வில் முன்னினும் ஒடுங்கும். இவ்வாறு மேடு மேடாக வில் ஒடுங்கிக்கொண்டே செல்ல, கார் படிப்படியாகத் தாழ்ந்து, ஈற்றில் ரப்பர் முட்டின்மேல் மோதும். அந்நிலையில் வில் இருந்தும் இல்லாததே. சக்கரத்தை நிலத்தில் இருத்துதற்கு வந்த கருவியே அதனை நிலத்தினின்று தூக்கி நிறுத்துகின்றது.

வளைவிற் கார் சாய்வதை அதிர்வடக்கி நிறுத்திவிடும் என்பதும் அத்தகைய எண்ணமே. நெடிய வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதைத் துணிவன வில்லும், இரு சக்கரங்களையும் இணைக்கும் சாய்வுதடுக்கும் கம்பியுமே. அவ்வளவுக்கு எத்துணை விரைவிற் சாயும் என்பதே அதிர்வடக்கியின் ஆட்சிக்கு உட்பட்டது. எனினும் அவ்விரைவைக் குறைத்தல் சிறு நன்மையன்று. திடீரென்று ஒருபுறம் ஒதுங்க நேரும்போது கார் கலங்காது திரும்புதல் அதனாலேயே கைகூடும்.

ஆகவே தேர்ந்தோர் மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்குகின்றனர். அந்நிலையே பெரும்பாலும் புதிய காரில் அமைந்திருந்த பழைய அளவுக்கு நெருங்கியது. அறிந்த பாதை ஒன்றைத் தெரிந்தெடுத்து, டயரில் ஒரே காற்றழுத்தமும் காரில் ஒரே சுமையும் வைத்து, ஒரே விரைவில் ஓட்டிப் பார்க்கின்றனர். சமனான மேட்டைக் கடந்தபின் முன்புறம் எழுந்து, மீண்டும் ஒருமுறைக்கு மேல் ஆடுமாயின் இரு தூண்களிலும் ஒரே அளவாக அரைச்சுற்றுக் கூட்டுகின்றனர். அதே பாதையில் மீண்டும் ஓட்டுகின்றனர். சிறு கற்கள் கைக்குத் தெரியத் தொடங்கினால், அல்லது கரடான வளைவிற் சக்கரம் புறத்தே வழுக்கித் தாவினால், அளவு மிஞ்சிற்று என்று கொண்டு கால்சுற்றுக் குறைக்கின்றனர். முன்புறம் மட்டும் இறுகிப் பின்புறம் பழைய தளர்ந்த அதிர்வடக்கிகளோடு இருப்பின் காரின் முன்னும் பின்னும் இருவேறு தாளத்தில் ஆடும். ஆதலின் பின்னிரண்டையும் மாற்றிய பின்னரே இச்சோதனை பயன்படும்.

இவ்வாறு கண்ட அளவு அவரவர் பாதைக்கே உரியது. வழவழப்பான நெடுஞ்சாலையிற் செல்வோர் நிறுத்திய அளவு கிராமப்புறக் கல்பாதையிற் செல்வோருக்கு மிகையாகும். ஒவ்வொரு தூணிலும் மென்மையின் எல்லையிலிருந்து எத்தனை சுற்று என்பதைக் காரின் கணக்குப் புத்தகத்தில் நாளிட்டுக் குறித்து வைப்பர். உட்செருகி நாளடைவில் தேயும்போது மேலும் கால்சுற்று, அரைச்சுற்று எனக் கூட்டி இழந்த எதிர்ப்பை ஓரளவு மீட்கலாம். பழைய குறிப்பு இருந்தாலன்றி எவ்வளவு கூட்டப்பட்டது என்பது தெரியாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் தூணின் தலையிலுள்ள மூன்று போல்ட்டுகளையும், உருண்டை மூட்டுகளின் பிளவாணிகளையும் மீண்டும் ஒருமுறை பார்த்து, அந்நாளையும் அப்புத்தகத்தில் எழுதிவிடுகின்றனர்.